குளம்பைப் பார்க்கத் தெரிந்த வழிகாட்டி: கென்யாவில் எட்டு நாள் சஃபாரி

நான் கால்நடை மருத்துவர். 31 வருடம் அரசு வேலை, பெரும்பாலும் தாராபுரம், காங்கேயம் பக்கத்து மருந்தகங்களில். ஓய்வு பெற்றாயிற்று. மகள் நைரோபியில் வேலை பார்க்கிறாள். போன ஆகஸ்டில் நானும் வீட்டுக்காரரும் அவளிடம் போயிருந்தோம். எட்டு நாள் சஃபாரி ஒன்றை அவளே ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். நைரோபி தேசியப் பூங்காவில் ஒரு நாள், வடக்கே சம்புருவில் மூன்று நாள், தெற்கே மசாய் மாராவில் நான்கு நாள். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அந்த ஊரில் இது மாதிரி சிறு நிறுவனங்கள் நிறைய. நான் சொல்லப்போவது எதில் பதிவு செய்தாலும் உதவும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பணம் வீணில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு மதிப்பைக் கொடுத்தது வண்டியோ கூடாரமோ சாப்பாடோ இல்லை, வழிகாட்டி ஒருவர்தான். நடுவில் ஒன்றரை நாள் அவர் இல்லாமல் போனோம். அதே காடு, அதே வண்டி, காசு கொடுத்து வெயிலில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

அவர் நரோக் என்ற ஊர்ப் பக்கத்து மசாய் இனத்தவர். மாடு மேய்த்து வளர்ந்தவர். சட்டையில் வெள்ளி பேட்ஜ் குத்தியிருந்தார். கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளின் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. நான் மாட்டு டாக்டர் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து என்னை "டக்டாரி" என்றுதான் கூப்பிட்டார். சுவாஹிலியில் டாக்டர் என்று அர்த்தம். நானும் அவரைத் தம்பி என்றே கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

முதல் நாள் நைரோபி தேசியப் பூங்கா. 1946-ல் தொடங்கியது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா, 117 சதுர கிலோமீட்டர். காண்டாமிருகம் மேய்கிற இடத்துக்குப் பின்னாலேயே நகரத்தின் அடுக்குமாடிகள் தெரியும். பூங்காக்களுக்குள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இங்கே ஹிப்போ பூல் என்கிற ஆற்றங்கரையில் மட்டும் துப்பாக்கி வைத்த ரேஞ்சரோடு நடக்க விடுகிறார்கள். அந்தப் பாதையில் ஒரு ஈரமான திருப்பம். தம்பி அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு குச்சியால் சேற்றைக் காட்டினார்.

ஒன்று வட்டமாக, கழுதைக் காலடி மாதிரி. வரிக்குதிரை. ஒன்று இரண்டாகப் பிளந்து முன்பக்கம் கூராக. இம்பாலா. கொஞ்சம் தள்ளி, கரையை ஒட்டி, தாம்பாளம் அகலத்துக்கு ஒன்று, நான்கு விரலும் பதிந்து. நீர்யானை. நான்காவதாக அவரே சேற்றில் ஒன்று வரைந்தார், மூன்று இலை மாதிரி. காண்டாமிருகம். "டக்டாரி, இந்த நாலில் யாருக்கு யார் சொந்தம்?" என்று கேட்டார்.

கல்லூரியில் முதல் வருடம் படித்த பாடம். மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன். உங்கள் கையை மேசை மேல் விரல் நுனியால் ஊன்றி நிறுத்திப் பாருங்கள். மற்ற விரலையெல்லாம் மடக்கிவிட்டு நடுவிரலில் மட்டும் நின்றால் அது குதிரையின் கால். அந்த நகம்தான் குளம்பு. நடுவிரலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் சேர்த்து மூன்றில் நின்றால் காண்டாமிருகம். இரண்டிலும் உடம்புப் பாரம் நடுவிரல் வழியாகத்தான் இறங்குகிறது. அதனால் வரிக்குதிரையும் காண்டாமிருகமும் ஒரு வகை, ஒற்றைப்படைக் குளம்பிகள். நடுவிரலும் மோதிர விரலும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் அது மாட்டின் கால். பன்றி, ஒட்டகச்சிவிங்கி, எருமை, ஆடு, மான் எல்லாம் இந்தப் பக்கம், இரட்டைப்படைக் குளம்பிகள். நீர்யானைக்கு நான்கு விரலும் தரையில் பட்டாலும் பாரம் இறங்குவது அந்த நடு இரண்டுக்கும் இடையேதான். அதுவும் மாட்டுப் பக்கம்.

இதுவரை எனக்குச் சரியாக வந்தது. "நீர்யானைக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் யார்?" என்றார். பன்றி என்றேன். நான் படித்த காலத்துப் பாடம் அது. அவர் தலையை ஆட்டிவிட்டு "திமிங்கிலம்" என்றார். மரபணுவைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்பது காதில் விழுந்திருக்கிறது. காரணத்தை அவர்தான் காலில் காட்டினார். இரட்டைப்படைக் குளம்பி எல்லாவற்றுக்கும் கணுக்காலில் ஒரு சின்ன எலும்பு உண்டு, மேலும் கீழும் கிணற்றுக் கப்பி மாதிரி பள்ளம் விழுந்தது. ஆட்டுக்கால் சூப்பு குடித்தவர்கள் எல்லோரும் அதைக் கடித்துத் துப்பியிருப்பார்கள். பாகிஸ்தானில் கிடைத்த பழங்காலத் திமிங்கிலங்களின் காலில் அதே கப்பி எலும்பு இருந்ததாக 2001-ல் கட்டுரைகள் வந்தன. இத்தனை வருடம் அந்த எலும்பைக் கையில் வைத்துப் பார்த்த எனக்கு அன்றைக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

அன்று மதியம் நிறுவனம் கொடுத்த விலங்குப் பட்டியல் தாளைப் பிரித்தேன். முதல் குறை அங்கே. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஐந்துக்கும் அரைப் பக்கம் வண்ணப்படம். மீதி எல்லாம் கீழே பொடி எழுத்தில், பாதிக்கு மேல் "மான்" என்ற தலைப்பில். படித்த சுற்றுலாக்காரர்கள் கையில் கொடுக்கிற தாளில் இப்படிப் போடலாமா? சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் சொந்த மான் ஒன்றுகூடக் கிடையாது. வடக்கே அட்லஸ் மலைப் பக்கம் ஒரு மான் உண்டு, அவ்வளவுதான். நாம் புள்ளிமானையும் வெளிமானையும் ஒரே பேரில் கூப்பிடுவதால் நமக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. புள்ளிமான், கடமான் கொம்பு கிளை விட்டு வளரும், விழும், மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு மாட்டுக் கொம்பு மாதிரி, உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை, கிளை கிடையாது, ஆயுசுக்கும் விழாது. கொம்புப் புற்றுநோய் வந்த எருதுகளுக்குக் கொம்பை அறுத்திருக்கிறேன். அந்த உள் எலும்பில் ரத்தம் எப்படிப் பொங்கும் என்பது அறுத்தவர்களுக்குத்தான் தெரியும். பழந்தமிழில் முறுக்கிய கொம்புள்ளதற்கு இரலை என்று தனிப்பேரே இருந்தது. ஆப்பிரிக்காவில் பார்ப்பது அத்தனையும் இரலைகள், அதாவது மாட்டுக் குடும்பம். மாராவில் துள்ளுகிற தாம்சன் கெசலும் கிண்டியிலும் கோடியக்கரையிலும் இருக்கிற நம் வெளிமானும் பங்காளிகள்.

சம்புருவுக்குப் போகிற வழி நீளம். நான்யுகியில் நிலநடுக்கோட்டைத் தாண்டி, இசியோலோ வழியாக, இறங்க இறங்கப் பச்சை குறைந்து செம்மண்ணும் முள்மரமுமாக ஆகிறது. எனக்கு எங்கள் வறண்ட பக்கம் மாதிரியே இருந்தது. வெள்வேலம் மாதிரி மரங்களைப் பார்த்ததும் வீட்டுக்காரர் "கொறங்காட்டுக்கே வந்துட்டோம்" என்றார். எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்கு அதுதான் பேர்.

எட்டு நாளில் எனக்கு மறக்காதது சம்புருவின் இரண்டாவது நாள் காலைதான். எவாசோ ஙிரோ ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, நிழலில் ஒரு ஒட்டகச்சிவிங்கி நின்றிருந்தது. செங்கல் பதித்துச் சுண்ணாம்பு பூசின மாதிரி உடம்பு. இந்தப் பக்கத்து வகைக்கு அதுதான் அடையாளம். ஒட்டகச்சிவிங்கியை நான்கு தனி இனங்களாக உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2025-ல் ஏற்றுக்கொண்டது, அதில் இது ஒன்று. மற்ற வண்டிகள் வந்து ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விட்டன. தம்பி எஞ்சினை அணைத்துவிட்டு "கழுத்தையே பாருங்க டக்டாரி" என்றார்.

கழுத்தின் அடியில் ஒரு உருண்டை எழுந்தது. எலுமிச்சை அளவா ஆரஞ்சு அளவா தெரியவில்லை. தோலுக்கு அடியில் சரசரவென்று மேலே ஏறி, தாடைக்குப் பின்னால் மறைந்தது. உடனே வாய் அசைய ஆரம்பித்தது. கீழ்த்தாடை ஒரு பக்கமாகப் போய்ப் போய் வந்தது, எங்கள் தொழுவத்து மாடு அசை போடுகிற அதே ஓட்டம். நான் எண்ணினேன், நாற்பத்து நான்கு மெல்லு. நின்றது. உருண்டை மறுபடி தெரிந்தது, இந்தத் தடவை கீழே இறங்கியது. ஒரு மூச்சு விட்டு அடுத்த உருண்டை ஏறியது. பசுவின் கழுத்தில் இது நடப்பதை ஆயிரம் தடவை கை வைத்துப் பார்த்திருக்கிறேன். அசை போடவில்லை என்றால் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று விவசாயி ஓடி வருவார். அதே வேலை ஒரு ஆள் உயரக் கழுத்துக்குள் நடக்கிறது. அந்தக் கழுத்திலும் எலும்பு ஏழுதான், பசுவுக்கு இருப்பது போல, நமக்கு இருப்பது போல. முக்கால் மணி நேரம் நின்றோம். ஒரு தடவைகூட அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சம்புருவில் இன்னும் இரண்டு பேரைப் பார்க்கத் தவறாதீர்கள். ஒன்று ஜெரனுக். சுவாஹிலியில் "ஸ்வாலா ட்விகா" என்கிறார்கள், ஒட்டகச்சிவிங்கி இரலை. நம் வெள்ளாடு முள்மரத்தில் முன்னங்காலை வைத்து எக்கும், இது எதிலும் சாயாமல் பின்னங்கால் இரண்டில் நேராக நிமிர்ந்து நின்று இலை பறிக்கிறது. இன்னொன்று கிரேவி வரிக்குதிரை. கோடு மெல்லிசு, வயிறு வெள்ளை, காது பெரியதாக வட்டமாக. காட்டுக் குதிரை இனங்களிலேயே பெரிய உடம்பு இதற்குத்தான். உலகத்தில் மூவாயிரம் வாக்கில்தான் மிச்சம், பெரும்பாலும் கென்யாவின் வடக்கில். விடியற்காலை கூடாரத்தில் படுத்திருக்கும்போது ஒன்று கத்தியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வண்ணான் வீட்டுக் கழுதை. நாம் வரிக்குதிரை என்கிறோம், சுவாஹிலிக்காரர்கள் "புண்டா மிலியா", கோடு போட்ட கழுதை என்கிறார்கள். கிரேவியைக் கேட்ட பிறகு அவர்கள் பக்கம்தான் நான்.

இனி குறை. சம்புருவிலிருந்து திரும்பியதும் நிறுவனம் எங்களிடம் சொல்லாமல் ஓட்டுநரை மாற்றிவிட்டது. தம்பியை வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். மாராவுக்குப் புதிதாக வந்தவர் நல்ல மனிதர், வண்டியும் பத்திரமாக ஓட்டினார். ஆனால் காது முழுக்க ரேடியோவில். சிங்கம் என்று ஒரு சொல் கேட்டால் போதும், புழுதி பறக்கப் பாய்ச்சல்தான். புதர் ஓரம் தூங்குகிற ஒரு சிங்கத்தைச் சுற்றிப் பதினான்கு வண்டிகள், நானே எண்ணினேன். போகிற வழியில் கரையான் புற்று மேல் டோப்பி என்கிற இரலையில் ஒரு ஆண் காவலுக்கு நின்றது. தொடையில் கருநீலத் திட்டு, அரக்கு நிற உடம்பு பளபளவென்று. நிறுத்தச் சொன்னேன். "அது நிறைய இருக்கும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். முதுகு வலியோடு கூடாரத்துக்கு வந்து மகளுக்குப் போன் போட்டேன். அவள் அலுவலகத்தில் பேசினாள். அவர்கள் மழுப்பவில்லை, தவறு என்று ஒத்துக்கொண்டு தம்பியைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். இந்த ஒன்றுக்காக நிறுவனத்துக்கு மதிப்பெண் கூட்டித்தான் கொடுப்பேன்.

மாராவில் எங்கள் கூடாரத்துக்கு வேலி கிடையாது. ராத்திரி மேய வந்ததெல்லாம் வாசலில் அடையாளம் வைத்துவிட்டுப் போகும். தம்பி வந்த மறுநாள் காலை காபி டம்ளரோடு வாசலில் நின்று இரண்டு பேரும் அதைத்தான் பார்த்தோம். தமிழ் இதில் நுணுக்கமான மொழி. மாடு போட்டால் சாணம், ஆடு போட்டால் புழுக்கை, கழுதை போட்டால் விட்டை. மூன்றும் அங்கே இருந்தன. எருமையுடையது அப்பட்டமான சாணம், வட்டமாகச் சரிந்து. வில்டபீஸ்ட் என்கிற, கூட்டமாக மேய்கிற இரலை போட்டது புழுக்கை. வரிக்குதிரையுடையது விட்டை. குச்சியால் உடைத்தால் உள்ளே நீள நீளமாக வைக்கோல் நார், மென்றது போலவே இல்லை. சாணத்தைப் பிரித்தால் மாவு மாதிரி மைய இருக்கிறது.

ஏன் என்பதை எந்த விவசாயிக்கும் சொல்லலாம். மாடும் அதன் சொந்தங்களும் தின்றதை முதல் வயிற்றில் ஊற வைத்து, திரும்ப வாய்க்குக் கொண்டு வந்து அரைத்து, நாலு அறை தாண்டித்தான் கீழே விடும். நல்ல சத்தை எடுக்கும், ஆனால் நேரம் ஆகும். முரட்டுப் புல்லாக இருந்தால் வயிறு அடைத்துக்கொண்டு நிற்கும். வரிக்குதிரைக்கு அந்த ஏற்பாடு இல்லை, பெருங்குடலில்தான் நொதிக்கிறது. பாதிச் சத்து வீணானாலும் வேகமாகத் தள்ளிவிட்டு இன்னும் தின்னும். அதனால் உயர்ந்து முற்றின புல்லுக்குள் முதலில் இறங்குவது வரிக்குதிரை. மேல் தண்டை அது கழித்த பிறகு வில்டபீஸ்ட் வந்து இலையை மேயும். அது மொட்டையடித்த இடத்தில் துளிர்க்கிற குருத்துக்குத் தாம்சன் கெசல் வரும். அன்று மதியம் ஒரே சமவெளியில் மூன்றும் வரிசையாக நிற்பதைப் பார்த்தோம். பத்து மாடும் இருபது செம்மறியும் ஒரே கொறங்காட்டில் முறை வைத்து விடுகிறவர்களுக்கு இது புதிது இல்லை.

ஈலண்டு என்கிற பெரிய இரலையையும் அங்கேதான் கிட்டத்தில் பார்த்தேன். காளைக்கு அலைதாடி தொங்குகிறது, தோளில் லேசான திமில், நடக்கும்போது முட்டியில் சொடக்குச் சத்தம். உயிரியல்படியும் இது மற்ற இரலைகளைவிட மாட்டுக்குத்தான் நெருக்கம், நம் நீலமான் மாதிரி. காங்கேயம் சந்தையில் நிறுத்தினால் நாலு பேர் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை கேட்பார்கள்.

வில்டபீஸ்ட் ஆற்றைக் கடப்பதையும் பார்த்தோம். எல்லோரும் எழுதுவதுதான், நான் அதை விட்டுவிடுகிறேன். என்னை உலுக்கினது அதற்கு முந்தின சாயங்காலம். தெற்கே எல்லைப் பக்கம் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தியிருந்தோம். கண்ணுக்கு எட்டின மட்டும் கருப்புப் புள்ளி, வில்டபீஸ்ட். தம்பி சொன்னார்: "இவ்வளவும் உங்க ஊசியால வந்தது டக்டாரி."

மாடுகளைக் கொல்கிற ரிண்டர்பெஸ்ட் நோய்க்குப் போட்ட ஊசியைத்தான் சொன்னார். வெக்கை நோய் என்று நம் பக்கம் சொல்வது. 1880-களின் கடைசியில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, 1890 வாக்கில் மசாய்களின் மாடுகளைக் கூண்டோடு கொன்றது. மாடு போனதும் மனிதர்களும் பட்டினியில் செத்தார்கள். எருமை, ஈலண்டு, ஒட்டகச்சிவிங்கி, வில்டபீஸ்ட் எல்லாம் விழுந்தன. வரிக்குதிரையும் காண்டாமிருகமும் தப்பின. கிருமிக்குக் குளம்புக் கணக்கு அத்தனை சரியாகத் தெரியும், பிளந்த குளம்பைத்தான் பிடிக்கும். கோமாரியும் அப்படியே. குதிரைக்கு வருகிற ஆப்பிரிக்கக் கொள்ளைநோய் மறுபக்கம், வரிக்குதிரையில் தங்கியிருக்கும், மாட்டைத் தொடாது. வில்டபீஸ்ட் கன்று போடுகிற காலத்தில் மசாய்கள் மாட்டை அந்தப் புல்வெளிக்கு விடுவதில்லை. கன்றுகளிடமிருந்து மாட்டுக்கு ஒரு காய்ச்சல் வரும், வந்தால் பிழைக்காது. தம்பி அதைத் தன் அப்பாவிடம் படித்தார், நான் புத்தகத்தில் படித்தேன்.

நைரோபிக்குப் பக்கத்தில் முகுகா என்ற இடத்து ஆய்வுக்கூடத்தில் வால்டர் பிளௌரைட் என்ற மருத்துவர் 1960 வாக்கில் வெக்கைக்கு நல்ல தடுப்பூசி செய்தார். மாராவை ஒட்டித் தெற்கே டான்சானியாவில் இருக்கிற செரெங்கெட்டிப் புல்வெளியைச் சுற்றியிருந்த மாடுகளுக்கு ஊசி போடப் போட, காட்டு விலங்குக்கு நோய் போவது நின்றது. 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1970-களின் கடைசியில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. காட்டில் ஒன்றுக்குக்கூட யாரும் ஊசி போடவில்லை. அதே வித்துதான் இந்தியாவுக்கும் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராணிப்பேட்டையிலிருந்து வந்த மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஐஸ் கரைவதற்குள் முடிக்க வேண்டும் என்று மதியச் சாப்பாடு இல்லாமல் நின்ற நாட்கள் உண்டு. இந்தியாவில் வெக்கை கடைசியாக வந்தது 1995-ல். உலகத்திலேயே கடைசியாக உறுதியானது 2001-ல், கென்யாவின் மேரு பூங்காவில், ஒரு காட்டெருமைக்கு. 2011-ல் நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் நான் கையில் பிடித்த மருந்து பிறந்த ஊருக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. அழுதுவிட்டேன். தம்பி ஒன்றும் பேசவில்லை, வெயில் சாயும் வரை வண்டியைக் கிளப்பவும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பதிவு செய்யும்போது வழிகாட்டி யார், என்ன பேட்ஜ், எட்டு நாளும் அவரேதானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிங்கத்தைத் துரத்த வேண்டாம், மேய்கிற கூட்டத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாதி வழிகாட்டிகளுக்கு அதைக் கேட்டதும் முகம் மலரும் என்றார் தம்பி, யாரும் கேட்பதில்லையாம். சாதாரண வேனைவிட லேண்ட் குரூசர் நல்லது. முட்டி வலி, முதுகு வலி உள்ளவர்கள் கடைசி வரிசையில் உட்காரவே கூடாது, மாரா சாலை எலும்பை எண்ணிவிடும். மதியப் பொட்டலம் எட்டு நாளும் ஒன்றேதான், ரொட்டி, அவித்த முட்டை, ஒரு ஆரஞ்சு. ஊறுகாய் எடுத்துப் போங்கள். பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும், பங்கு போட்டால் உருண்டை ஏறுவதை ஒருவர்தான் பார்ப்பார்.

விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது, காங்கேயம் காளையின் குளம்பு சேற்றில் பதிந்த படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார் தம்பி. ஊருக்கு வந்து முதல் மழை பெய்த மறுநாள் எடுத்து அனுப்பினேன். மாட்டின் வயது என்ன என்று பதில் வந்திருக்கிறது.